சிரட்டைக்கரி

மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
கோதையாற்றுக் கால்வாயில் இறங்கி ஏறுவேன்.
முழங்கால்வரை தண்ணீர்.
கூடாரத்துக்குள் நுழையுமுன்
ஆசாரியன் காலைக் கழுவ வேண்டுமாம்,
இல்லாவிட்டால் சாவான்.
நான் கழுவுவது பாலம் இல்லாததால்.
கர்த்தர் அதைக் கணக்கில் எடுப்பாரோ என்னவோ.

முந்நூற்றுப் பன்னிரண்டு மரம்.
நேற்றைய கோட்டுக்குக் கீழே
நூலளவு இன்றைய கோடு.
ஆழம் போனால் மரம் புண்ணாகும்,
மேலோடு போனால் பால் வராது.
அதற்கிடையில்தான் என் ஜெபம்.
வாய்க்கு நேரமில்லை, கை சொல்லும்.

ஒரு காரியம் எனக்கு விளங்கவே இல்லை.
பலிபீடத்துக் கல்லில் உளி படக் கூடாது,
பட்டால் தீட்டு.
தூபத்துக்கான பிசினோ
கத்தி படாமல் கசியாது.
கல்லை முழுசாகக் கேட்டவர்
மரத்தைக் காயத்தோடு கேட்டார்.
குலசேகரத்தில் என் கத்தியைத் தீட்டித் தருகிற
எசேக்கியேலிடம் இதைக் கேட்டேன்.
அவன் வாயில் ‘தீட்டு’ என்றால் கூர்மை.
‘ஒனக்கு வேற சோலி இல்லியா வறுவேலு’ என்றான்.

அந்த ஞாயிறு
விடியும்வரை தூறி, வெட்டு பிந்திப்போனது.
பாலை ஊற்றி ஆசிட் விட்டு முடிக்கும்போது
இரண்டாம் மணி அடித்துவிட்டது.
குளிக்கவில்லை.

ஒட்டுப்பால் நாற்றம் தெரியுமா உங்களுக்கு?
மழையில் ஊறிய தோல்செருப்பையும்
கெட்ட மோரையும்
ஒரே பானையில் மூடி வைத்தது போல.
சோப்புக்கு அசையாது, நகத்தடியில் நிற்கும்.
ஞாயிறுதோறும் அதற்கென்றே எலுமிச்சை தேய்ப்பேன்.
அன்று அதுவும் இல்லை.
கடைசி வரிசையில் போய் நின்றேன்.
பக்கத்தில் நின்ற வெள்ளைச்சட்டை
அரை அடி நகர்ந்தது.
நானும் அரை அடி நகர்ந்தேன். சுவர்.

தூபக்கலசத்துக்குக் கரி கொடுப்பது எங்கள் வீடு.
பால் ஏந்தி ஏந்தி விரிசல் விட்ட சிரட்டைகளை
றோசிலி சுட்டுச் சாக்கில் கட்டி அனுப்புவாள்.
அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல்.
நானே சுட்டேன், வெந்ததும் வேகாததுமாக,
உள்ளே ஒட்டியிருந்த பால்தோலை உரிக்காமல்.

கப்பியார் தாசையன் கனலை ஊதினார்.
அச்சன் கலசத்தை வீசினார்.
குந்திரிக்கத்துக்கு நடுவே கிளம்பிற்று
டயர் எரிகிற வாடை.
சங்கிலி மணிகள் கிலுங்கக் கிலுங்க
என் தோட்டம் பீடத்தைச் சுற்றி வந்தது.
அச்சன் இருமினார்.
பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்தன.
வெள்ளைச்சட்டை திரும்பி என்னைப் பார்த்தது.

அந்நிய அக்கினியைக் கொண்டுபோன இரண்டு பேர்
நின்ற இடத்திலேயே எரிந்துபோன கதை
எனக்குச் சிறுவயதிலேயே தெரியும்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
வருவது வரட்டும் என்று நின்றேன்.
ஒன்றும் வரவில்லை.
அச்சன் இருமி முடித்து
அடுத்த வரியைப் பாடினார்.

சம எடையாக இடித்துத்
தூபம் செய்யச் சொன்ன பழைய கட்டளையில்
ஒரு பிசின் பெருங்காயத்துக்குச் சொந்தம்.
தனியே எரித்தால் நாறுமாம்.
அதை விட்டுவிடு என்று எங்கும் சொல்லவில்லை.
திரும்பி நடக்கையில் எனக்கு நானே
இதைச் சொல்லிப் பார்த்தேன்.
பாதி நம்பினேன்.
மறுபாதிக்கு, அன்று மத்தியானமே
மிச்சச் சிரட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து
மணல் போட்டுத் தேய்த்து
வெயிலில் கவிழ்த்தேன்.
றோசிலி ஜன்னல் வழியே பார்த்தாள்,
எதுவும் கேட்கவில்லை.

திங்கள், மூன்று மணி.
கால்வாயின் நடுவில் நின்று,
பாலம் இருந்திருந்தாலும் இறங்கியிருப்பேன் என்பதுபோல்,
குனிந்து கழுவினேன்
வலது காலை, பிறகு இடது காலை.
குளிர்.

அக்கரையில் முதல் மரம்.
முந்தின கோட்டில் உறைந்து நின்றதை
உரித்துச் சாக்கில் போட்டேன்.
நாறியது.
கத்தியை எடுத்தேன்.